வெண்கலத்தில் இல்லாத பெயர்

பிரெஞ்சு தேசம் 1870ஆம் ஆண்டில் பிரஷ்யாவோடு பொருது, தன் சக்கரவர்த்தியைப் பகைவர் கையில் சிறை கொடுத்து, அல்சாஸ் மாகாணத்தையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்து, மானபங்கமுற்று நின்ற காலத்தில், உரோமாபுரியிலிருந்த பிரெஞ்சுக் கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த அந்தோனின் மெர்சியே என்னும் இளஞ்சிற்பி ஒரு பிரதிமையை வனைந்தார். கவசம் பூண்டு, சிறகு விரித்து, அடியெடுத்து மேலெழும் ஒரு பெண். அவள் தோளில், முறிந்த வாளைக் கையில் பற்றியபடியே உயிர் நீத்த ஓர் இளைஞன். கீர்த்தி என்னும் உருவமற்ற பொருளுக்கு அங்கமும் அசைவும் அளித்து, தோற்றவனையே அவள் ஏந்திச் செல்வதாகக் காட்டிய அந்தச் சிற்பம், 'தோற்றவர்க்கே மகிமை' என்று பொருள்படும் 'குளோரியா விக்டிஸ்' என்ற லத்தீன் பெயரோடு 1874ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, ஜனங்கள் தங்கள் துக்கத்துக்கே ஒரு வடிவம் வாய்த்துவிட்டதாக எண்ணி அதனைக் கொண்டாடினர். பாரிஸ் நகரசபை அதை வெண்கலத்தில் வார்ப்பித்துத் தனதாக்கிக்கொண்டது. பார்பதியென் என்ற புகழ்பெற்ற வார்ப்பாலை, அஷீல் கொலா என்பவர் கண்டறிந்த, பெரிய உருவத்தை அளவு பிசகாமல் சிறிதாக்கும் இயந்திரத்தின் துணைகொண்டு, பல அளவுகளில் அதற்குப் பிரதிகள் செய்து செல்வர் வீட்டு வரவேற்பறைகளுக்கு அனுப்பிற்று. அப்பிரதிகளின் பீடத்தில் சிற்பியின் கையொப்பமும் வார்ப்பாலையின் பெயரும் துலக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

கண்டி மாநகரிலும், அதனைச் சூழ்ந்த உடுநுவரை, யட்டிநுவரைப் பகுதிகளின் கிராமங்களிலும் வார்க்கப்பட்ட பழைய வெண்கலம் ஒன்றை எடுத்து இவ்வாறே பீடத்தைத் திருப்பிப் பார்த்தால், அங்கே உளியின் தழும்பும் காலத்தின் களிம்பும் இருக்குமேயன்றிப் பெயரொன்றும் இராது. புத்தர் படிமமாயினும், அன்னம் தலையில் அமர்ந்த குத்துவிளக்காயினும், தேவாலயத்துப் பூசைமணியாயினும், வனைந்தவன் இன்னான் என்று அது தானாகச் சொல்லுவதில்லை. இதனால் கண்டிக் கலைஞனைப் பெயரற்றவன் என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அருங்காட்சியகச் சீட்டுகளிலும் அவ்வாறே காண்கிறோம். அது உண்மைக்குப் பொருந்தாத வழக்கம் என்பது என் துணிபு. மலையக இராச்சியத்தில் சிற்பியின் பெயர் உலோகத்தில் எழுதப்படவில்லை. நிலத்தில் எழுதப்பட்டது, சாசனத்தில் எழுதப்பட்டது, வீட்டுப் பெயரிலும் பட்டத்திலும் ஏறித் தலைமுறை தலைமுறையாக இறங்கிற்று. அதனைத் தேடவேண்டிய இடம் வேறு என்பதை அறியாதார்க்கே அது இல்லாததாகத் தோன்றுகிறது.

கண்டியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பெருவழியில், பேராதனையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் பிலிமத்தலாவை என்னும் ஊர் வரும். சாலையின் இருமருங்கிலும் பித்தளைக் கடைகள்; வாசலில் ஆளுயரக் குத்துவிளக்குகள் வெயிலில் பளபளத்து நிற்கும். அங்கிருந்து தெற்கே உள்ளே திரும்பும் வழி, ஒன்றுக்கொன்று நடந்தே போய்வரக்கூடிய அண்மையில் அமைந்த மூன்று புராதன ஆலயங்களுக்கு இட்டுச் செல்கிறது: பாறைமேல் கருங்கல்லால் எழுப்பிய கடலாதெனிய விகாரை, செங்கல்லால் உயர்ந்த இலங்காதிலக விகாரை, மரத்தூண்களின் சித்திர வேலைப்பாட்டால் உலகறிந்த எம்பக்கே தேவாலயம். இவ்வாலயங்களைச் சுற்றியே கம்மியர் கிராமங்கள் அமைந்தன. கடலாதெனியத்தை அடுத்த கிரிவாவுலவில் உலோகம் வார்க்கும் தொழில் இன்றளவும் நின்று நிலவுகிறது. ஆலயம் முன்னதா, கிராமம் முன்னதா என்று பிரிக்க இயலாதபடி இரண்டும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தவை. விளக்கில்லாமல் ஆலயமில்லை, ஆலயத்து நிலமில்லாமல் விளக்கு வார்ப்பவனுக்கு வாழ்வில்லை.

அவர்கள் கையாண்ட முறை, சுவாமிமலை ஸ்தபதிகளைப் பார்த்திருக்கும் தமிழருக்குப் புதிதன்று. சில்ப சாஸ்திரங்கள் மதூச்சிஷ்ட விதானம் என்று கூறும் மெழுகு வார்ப்புத்தான் அது. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சிறிது எண்ணெய் விட்டு உருக்கிப் பதமாக்குவது முதற்காரியம். பதம் தவறினால் மெழுகு வெயிலில் இளகிச் சாயும், அல்லது விரல் பட்டவுடன் வெடிக்கும். சிறிய படிமங்களை முழு மெழுகாகவே பிடிப்பர்; பெரிய விளக்கின் தண்டையும் குடத்தையும் மண்கருவின்மேல் மெழுகைப் போர்த்தி வனைவர். ஆபரணங்களுக்கும் ஆடையின் விளிம்புக்கும் மெழுகை நூலாகத் திரித்து, ஒவ்வொரு இழையாக எடுத்து ஒட்டி, சூடேற்றிய இரும்புக் கருவியால் பொருத்துவாயை மறைப்பர். வனைந்து முடித்த மெழுகை நிறுத்து, அந்த எடையைக் கொண்டே எவ்வளவு உலோகம் வேண்டும் என்று கணிப்பர். பிறகு மண் பூசும் வேலை. அரைத்துச் சலித்த நுண்மண் குழம்பே முதற்பூச்சு. அது மெழுகில் பதிந்த நக நுனியின் கீறலுக்குள்ளும் புகுந்து படியவேண்டும். அதனை நிழலில் உலர்த்தி, மேலும் மேலும் பூசி, இறுதியில் உமி கலந்த முரட்டு மண்ணால் மூடி, கம்பியால் கட்டி, நெருப்பில் இட்டால், மெழுகு உருகி வாய்வழியே ஓடிவிடும். அது இருந்த இடம் வெற்றிடமாகும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை, இடையே நிறுத்தாமல், ஒரே தாரையாக வார்க்கவேண்டும். கை தயங்கினால் உலோகம் பாதியில் உறைந்து, மாதக்கணக்கான உழைப்பு பாழாகும்.

ஆறிய பின் மண்ணை உடைத்தே படிமத்தை வெளியே எடுக்கவேண்டும் என்பதால், அந்த அச்சு அத்தோடு அழிந்தது. மெழுகு முன்பே அழிந்தது. எனவே ஒரு படிமத்துக்கு மறுபடிமம் கிடையாது. பாரிஸ் வார்ப்பாலைகள் பெரும்பாலும் மணலில் அச்செடுத்து, உடலின் பாகங்களைத் தனித்தனியே வார்த்து இணைத்தன. மூல உருவம் அழியாமல் இருப்பதால் எத்தனை பிரதி வேண்டுமாயினும் செய்யலாம். பிரதி பெருகும் இடத்தில்தான் கையொப்பத்துக்கு அவசியம் நேர்கிறது: இது இன்னாருடைய சிருஷ்டி, இன்ன ஆலையில் வார்த்தது, போலியன்று என்று வாங்குவோனுக்கு உறுதி கூறும் வியாபார சாசனம் அது. ஒன்றே ஒன்றாகப் பிறந்து, செய்தவனுடைய ஊரிலேயே, அவனை அறிந்த ஜனங்களின் நடுவிலேயே வழிபாட்டுக்கு வைக்கப்படும் பொருளுக்கு அத்தகைய உறுதிமொழி வேண்டியிருக்கவில்லை.

இவ்விஷயத்தில் இன்னும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. அதை நமக்கு எழுதி வைத்தவர் ஓர் அந்நியர். இராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி 1660இல் திருகோணமலைக்கு அண்மையில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பதரை ஆண்டுகள் சிறையிருந்து, அச்சிறைவாசத்தின் பிற்பகுதியை உடுநுவரையைச் சேர்ந்த எலதெத்த கிராமத்தில் கழித்து, 1679இல் தப்பிச்சென்று, 1681இல் லண்டனில் தம் சரித்திரத்தை வெளியிட்டார். உலோகம் வார்ப்போர் வாழ்ந்த பிரதேசத்திலேயே குடியிருந்தவராதலால் அவர் கண்ணாரக் கண்டதை எழுதினார் என்று கொள்ளலாம். படிமத்துக்குக் கண் அமைக்கும் வரையில் அதை எவரும் தெய்வமாக மதிப்பதில்லை. வெறும் உலோகக் கட்டியாகப் பட்டறையில் அங்குமிங்கும் கிடக்கும். கண் அமைக்கும் வேளை வரும்போது, பேசிய கூலிக்கு மேலாகச் சிற்பிக்குத் தக்க சன்மானம் அளிக்கவேண்டும். கண் அமைந்த கணமே அது தெய்வமாகிறது; பிறகு அதனைப் பட்டறையிலிருந்து மரியாதையோடு எடுத்துச்சென்று பிரதிஷ்டை செய்கின்றனர். நொக்ஸ் சொல்லும் செய்தியின் சாரம் இது.

சிங்களர் நேத்திர மங்கலம் என்று வழங்கும் அச்சடங்கு மலையகத்தில் இன்றும் நடைபெறுகிறது. சிற்பி படிமத்தின் முகத்தை நேரே நோக்காமல், கண்ணாடியில் தெரியும் பிரதிபிம்பத்தைப் பார்த்தே விழியை எழுதுகிறான். எழுதி முடித்ததும் கண்ணைக் கட்டி அவனை வெளியே அழைத்து வருவர். அவனுடைய முதற்பார்வை அழிக்கப்படும் ஒரு பொருளின்மேல் விழவேண்டும் என்பது விதி. நம் கோயில்களில் கண் திறத்தல் என்று சொல்லும் நயனோன்மீலனத்துக்கு இது உடன்பிறந்தது. இச்சடங்கின் ஒவ்வொரு அம்சமும் ஒரே காரியத்தைச் செய்கிறது: அதுவரை சிற்பியின் கைப்பொருளாயிருந்ததை அவனிடமிருந்து பிரிக்கிறது. சன்மானம் அவனுக்குக் கொடுத்துத் தீர்க்கப்படுகிறது. அவன் பார்வையும் திருப்பி அழைத்துச் செல்லப்படுகிறது. அத்தகைய படிமத்தின் பீடத்தில் பெயரைப் பொறித்தால், தீர்ந்துபோன உறவை மறுபடி உரிமை கொண்டாடுவதாக ஆகும். கண்டிச் சிற்பியின் மௌனம் தாழ்மையால் விளைந்தது என்று கூறுவதைவிட, சாஸ்திர ஞானத்தால் விளைந்தது என்று கூறுவதே தகும்.

அப்படியானால் அவனுக்குரிய கௌரவம் எங்கே கிடைத்தது? அரசனுடைய பணிக்கென்று நான்கு பட்டறைகள் இருந்தன. 'பட்டல் ஹதர' என்பது அவற்றின் பொதுப்பெயர். பொன்வாள், ஆபரணம், மகுடம், சிங்காதனம் என்ற நான்கின் பேரால் அவை அமைந்தன. கம்மாளரில் தலைசிறந்தோரே அவற்றில் சேர்க்கப்பட்டனர். ஏனையோர் மாகாண அதிபதிகளாகிய திசாவைமாருக்கோ விகாரை தேவாலயங்களுக்கோ தொழில் செய்யக் கடமைப்பட்டிருந்தனர். கூலிக்குப் பதில் நிலம்: இன்ன வயல், இன்ன மேட்டு நிலம், அதற்கு ஈடாக இன்ன பணி. விளக்கைப் பழுது பார்ப்பது, பெரஹரா என்னும் ஊர்வல விழாக் காலத்தில் உலோகச் சாமான்களைச் சீர்செய்து கொடுப்பது, புத்தாண்டில் பாக்குவெட்டி முதலிய கைவேலைகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்து பிரபுவைக் காண்பது என்று கடமைகள் வகுக்கப்பட்டிருந்தன. சிறந்த வேலைக்கு அரசன் மகிழ்ந்து அளித்த நிலக்கொடை செப்பேட்டிலோ ஓலையிலோ எழுதப்பட்டுச் சன்னஸ் என்ற பெயரோடு குடும்பத்தின் பேழையில் இருந்தது. அதில் சிற்பியின் பெயரும், பட்டமும், அவன் பெற்ற நிலத்தின் நான்கெல்லையும் காணப்படும். மெர்சியேயின் கையொப்பத்துக்கு நிகரான கண்டிக் கையொப்பம் எது என்று என்னைக் கேட்டால், இந்தச் சன்னஸையே காட்டுவேன்.

கொடுத்தவர் பெயர் உலோகத்தில் ஏறியதும் வார்த்தவர் பெயர் ஏறாததும் ஒருசேரத் தெரியும் பொருள் ஒன்று உண்டு. மதுரை நாயக்கர் மரபினராகக் கண்டிச் சிங்காதனத்தில் முதன்முதல் அமர்ந்த ஸ்ரீ விஜய இராஜசிங்கனுக்கு, லெவுகே திசாவை என்னும் பிரதானி, 1745ஆம் ஆண்டையொட்டி ஒரு சிறு பீரங்கியைக் காணிக்கையாக அளித்தார். வெண்கலக் குழலும், பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும் இழைத்த அலங்காரமும் கொண்டது. ஞாயிறு, திங்கள், சிங்கம் என்ற இராச சின்னங்கள் அதன்மேல் விளங்குகின்றன. போரில் சுடுவதற்கென்று எவரும் அத்தனை அலங்காரம் செய்யமாட்டார். சந்திர சூரியர் உள்ளளவும் சிங்க வமிசத்தின் ஆட்சி நிலைப்பதாக என்ற ஆசியை உலோகத்தின் மூலமாகச் சொல்லும் பொருளாகவே அதை நான் கொள்கிறேன். பிரெஞ்சுச் சிற்பிகள் பெண்ணுருவத்தாலும் சிறகாலும் சொன்னதை, இங்கே இம்மூன்று சின்னங்கள் சொல்லின. அந்த ஆசி நிலைக்கவில்லை. 1765ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தத் தேசாதிபதி லுபர்ட் யான் வான் எக், படையோடு மலையேறிக் கண்டியைக் கைப்பற்ற, அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் நகரை விட்டு அகன்றான், அரண்மனை சூறையாடப்பட்டது. வான் எக் கொழும்பு திரும்பிச் சில நாளில் இறந்துபோனான். பீரங்கியோ கடல் கடந்து நெதர்லாந்துக்குச் சென்று, பின்னாளில் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்தது. அது அரசர் அனுப்பிய நட்புப் பரிசு என்றுகூட ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. ஆராய்ச்சி அந்த எண்ணத்தைக் களைந்தது. பொன், வெள்ளி வாள்கள், கத்தி, இரண்டு பெருந்துப்பாக்கிகள் ஆகியவற்றோடு அப்பீரங்கியும் 2023 டிசம்பரில் தாய்நாடு வந்து கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் சேர்ந்திருக்கிறது. அதனைக் கொடுத்த லெவுகேயின் பெயரை உலகம் இன்று உச்சரிக்கிறது. பொன்னிழைத்த கையின் பெயர் அதில் இல்லை.

இலங்கையின் வெண்கலங்களில் மிகப் பேர்பெற்றதாகிய தாராதேவியின் கதையும் இதனை ஒத்ததே. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே எங்கோ கிடைத்த, எட்டாம் நூற்றாண்டளவினதான, 143 சென்டிமீட்டர் உயரமுள்ள, பொன்முலாம் பூசிய அத்திருவுருவத்தை, 1815இல் கண்டியை ஆங்கில ஆட்சிக்கு உட்படுத்திய தேசாதிபதி சர் இராபர்ட் பிரவுன்ரிக் 1830இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அளித்தார். பத்தினித் தெய்வம் என்றே அதனைப் பலரும் கருதியிருந்த காலம் உண்டு. அதாவது நம் கண்ணகி என்று. கருணை என்ற குணத்துக்கு மனித அங்கம் அளித்தால் எப்படியிருக்கும் என்பதை அறிய விரும்புவோர் அந்த வலக்கையின் வரத முத்திரையைப் பார்த்தால் போதும்.

ஆங்கில ஆட்சி வந்தபின் அரச பட்டறைகள் நான்கும் தலைவனற்றுப் போயின. 1832, 1833ஆம் ஆண்டுகளில் இராஜகாரியம் என்ற கட்டாயச் சேவை ஒழிக்கப்பட்டது. அதனால் உழவருக்கு விடுதலை கிட்டியதை எவரும் மறுக்க மாட்டார். எனினும் அதே சட்டத்தின் கீழ் அரசனுக்கு உழைத்த சிற்பியின் தொழிலும் ஆதாரமிழந்தது. கோயில் நிலங்களில் மட்டும் பழைய ஏற்பாடு தொடர்ந்தது. 1870ஆம் ஆண்டின் சேவை நிலச் சட்டம் அச்சேவைகளையும் பணமாக மாற்றிக்கொள்ள வழி செய்தது. அச்சட்டத்தை நிறைவேற்றுவதற்காக, எந்த நிலத்துக்கு யார் என்ன பணி செய்யக் கடமைப்பட்டவர் என்று கோயில் கோயிலாகப் பதிவேடுகள் எழுதப்பட்டன. ஒரு பழைய ஏற்பாட்டைக் கலைப்பதற்காக எழுதிய அந்த ஏடுகளே, அதில் வாழ்ந்த கம்மியருக்கு எஞ்சிய பேரேடாயின. 1882இல் கண்டிக் கலைச் சங்கம் தோன்றி, நலிந்த கைவினைகளுக்கு வேலையும் விற்பனையும் தேடிக்கொடுக்க முயன்றது.

இந்த நிலையில்தான் ஒரு தமிழர் வந்தார். சர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கில மாதரசி எலிசபெத் பீபிக்கும் 1877 ஆகஸ்ட் 22இல் பிறந்து, தந்தையை இளம்பருவத்திலேயே இழந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைவராகி, கல்லையும் தாதுவையும் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்றபோது, தாம் தேடாத வேறொரு செல்வத்தைக் கண்டார். சித்திரங்கள்மேல் புதுவர்ணம் பூசிப் பாழாக்கிய விகாரைகளையும், வேலையின்றிக் கைவிடப்பட்ட பட்டறைகளையும் பார்த்து உள்ளம் நொந்து, 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதினார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் கிராமமொன்றில், வில்லியம் மொரிஸ் உபயோகித்த அச்சுப்பொறியில், பதினைந்து மாத காலம், கையினாலேயே அச்சிட்ட 425 பிரதிகள். இயந்திரம் கைவினையைக் கொன்றது என்று சொல்லும் நூலை இயந்திரத்தால் அச்சிட அவர் இசையவில்லை. அந்நூலின் நெடிய தலைப்பிலேயே சமுதாய அமைப்பும் கைவினைஞரின் அந்தஸ்தும் இடம் பெற்றிருப்பதைக் கவனிக்கவேண்டும். உருவங்களை வரிசைப்படுத்துவதோடு அவர் நிற்கவில்லை. பட்டறைகளின் ஒழுங்கு, நில மானியங்கள், சன்னஸ்களின் வாசகம், படிமங்களின் தாள அளவைக் கூறும் 'சாரிபுத்ர' என்னும் வடமொழி நூல், கண் எழுதும் சடங்கு என்று, வெண்கலத்தைச் சுற்றியிருந்த வாழ்வு முழுவதையும் பதிவு செய்தார். மலையகத்தின் கம்மியருக்கு ஒரு தமிழர் ஆற்றிய இப்பணியை நம்மவர் இன்னும் உரிய அளவில் போற்றவில்லை என்ற குறை எனக்கு உண்டு.

அவர் பிறந்த அதே 1877இல், பாரிஸில் ஒரு வெண்கலக் கலைஞன் பெரும் பழிக்கு ஆளானான். ஓகுஸ்த் ரொதேன், வெண்கல யுகம் என்ற உருவகப் பெயரிட்டு, நிர்வாணமான ஓர் இளைஞன் விழித்தெழும் நிலையில் வனைந்த பிரதிமையின் உடற்கட்டு அத்தனை மெய்யாக இருந்ததால், உயிருள்ள மனிதன்மேலேயே அச்செடுத்து வார்த்துவிட்டான் என்று குற்றம் சாட்டினர். தன் கை வனைந்ததுதான் என்று நிறுவ அவன் பட்ட பாடு சொல்லி முடியாது. 1880இல் அரசாங்கம் அதனை விலைக்கு வாங்கிய பின்னரே பழி நீங்கிற்று. பெயரைப் பொறித்தவனுக்கும் அப்பெயரால் முழுக் காப்பு கிடைத்துவிடவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பல்லாண்டுகளுக்குப் பின், சென்னை அருங்காட்சியகத்திலுள்ள நடராசர் திருவுருவங்களின் புகைப்படங்கள் முதுமையடைந்த ரொதேனின் கைக்கு வந்தன. அவர் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து, வியந்து, உருகி எழுதிய குறிப்புகள், அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1921இல் சைவச் சிற்பங்கள் பற்றிய பிரெஞ்சுத் தொகுதியொன்றில் வெளிவந்தன. அதே தொகுதியில் அவரோடு சேர்ந்து எழுதியவர்களுள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. சிவபெருமானின் ஐந்தொழிலையும் அந்நடனம் எவ்வாறு உருவாகக் காட்டுகிறது என்பதை 1912இலேயே சித்தாந்த தீபிகை என்னும் சஞ்சிகையில் விளக்கியவர் அவர். பிரெஞ்சு வெண்கலத்தின் தலைசிறந்த கையொப்பக்காரரும், கையொப்பமிடாத கம்மியருக்காக வாதாடியவரும் ஒரே நூலின் அட்டைக்குள் சந்தித்தனர். அந்த நடராசரை வார்த்த ஸ்தபதியின் பெயரை இருவரும் அறியார்.

உடுநுவரையின் பாறைகள் சில பெயர்களைக் காத்து வைத்திருக்கின்றன என்பதே என் மனத்துக்கு ஆறுதல். கம்பளை அரசர் காலத்தில், 1344இல், தர்மகீர்த்தி மகாதேரர் கடலாதெனிய விகாரையை எழுப்பியபோது அதன் பிரதான சிற்பாசாரியாக இருந்தவர் கணேசுவராசாரி என்று அங்கே பாறையில் வெட்டிய சாசனம் சொல்கிறது. தென்னிந்தியக் கோயில்களின் தூணும் பிரஸ்தரமும் விமானமும் புத்தருக்கு உறையுளாக அங்கே நிற்பது ஏன் என்பதற்கு அந்தப் பெயரே விடை. அதே ஆண்டில் சேனாலங்காதிகார என்ற மந்திரி எழுப்பிய இலங்காதிலகத்துக்கு ஸ்தபதி ராயர் என்பவர் சிற்பி. எம்பக்கேயின் மரத்தூண்களைச் செதுக்கியவராக தெல்மட தேவேந்திர மூலாசாரியின் பெயரை அவ்வூர் மரபு இன்றும் சொல்லுகிறது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனுக்காகத் தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தை அமைத்தவரும் மூலாசாரிப் பட்டம் பெற்ற ஒரு தேவேந்திரர்தாம். கல்லிலும் மரத்திலும் வேலை செய்தோருக்குக் கிடைத்த இந்தப் பேறு உலோகம் வார்த்தோருக்கு அரிதாகவே கிடைத்தது. படிமத்தைவிடக் கட்டடத்துக்கே சாசனம் வெட்டுவது வழக்கமாதலால் அப்படி நேர்ந்தது.

இலங்காதிலகப் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் உண்டு. சக ஆண்டு 1266இல் பொறித்தது. அவ்விகாரைக்கு அன்று விட்ட நிலங்களையும் அவற்றோடு பிணைந்த சேவைகளையும், அவை எவ்வாறு இருபதாம் நூற்றாண்டு வரை தொடர்ந்தன என்பதையும், ஹான்ஸ்-டீட்டர் எவர்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்து 1972இல் நூலாக வெளியிட்டார். நில உறவும் சேவையும் பற்றி அவர் செய்ததைப் போல, 1870ஐ ஒட்டி எழுதிய பதிவேடுகளிலிருந்து வார்ப்போர் குடும்பங்களை மட்டும் தனியே தொகுத்து, அவர்கள் கிராமங்களில் எஞ்சியிருக்கும் சன்னஸ்களோடும், விகாரைகளில் இன்னும் எரியும் விளக்குகளோடும் ஒப்புநோக்குவதற்கு, சிங்களமும் தமிழும் ஒருங்கே கற்ற ஓர் இளைஞர் முன்வரவேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த மூன்று ஆலயங்களும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன.